வெட்டுப்பட்டவர் பக்கம் நின்று: அரிவாளும் வீரமும் குறித்து

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில், பாலுசெட்டிச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. நூற்றியெட்டு வைணவத் திருப்பதிகளில் ஒன்று. இளம் வயதில் இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்றும் சொல்வார்கள். ஊர்ப்பெயர் சொல்வது இன்னொரு கதையை. புள் என்றால் பறவை. பறவைக்கு ஈமக்கடன் செய்த குழி, புட்குழி. சீதையைத் தூக்கிச் சென்ற இராவணனை வழிமறித்துச் சிறகு வெட்டுண்டு விழுந்த ஜடாயுவுக்கு இராமன் இறுதிச் சடங்கு செய்தது இங்கேதான் என்கிறது தலபுராணம். வைத்தீஸ்வரன்கோயிலும் இதே உரிமையைக் கோருகிறது. அங்கே ஜடாயு குண்டம் உண்டு. திருப்புட்குழியில் ஜடாயு தீர்த்தம் உண்டு. கருவறையில் விஜயராகவப் பெருமாள் அந்தப் பறவையை மடியில் தாங்கியபடி அமர்ந்திருக்கிறார்.

ஜடாயுவை வெட்டிய வாளுக்குப் பெயர் உண்டு. சந்திரகாசம்; சிவன் இராவணனுக்குக் கொடுத்தது. ஆனால் திருப்புட்குழியில் அந்த வாளுக்கு ஒரு மூலைகூட இல்லை. ஊர் எழுந்திருப்பது காயத்தைச் சுற்றி. தோற்றுப்போன, கிழட்டுப் பறவை ஒன்றின் காயம். பக்தி எனக்குக் குறைவு. இருந்தும் அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது: ஆயுதத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஆயுதம் ஏந்தியவரின் பக்கமிருந்து சொல்லப்படும் கதைகளே நம்மிடம் ஏராளம். வெட்டுப்பட்டவரின் பக்கமிருந்து ஓர் ஊருக்கே பெயர் வைத்திருக்கிறார்கள் இங்கே.

அதற்காக இந்த ஊரைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. திருமங்கையாழ்வார் இந்தப் பெருமாளைப் போரேறு என்று அழைத்தார். காயத்தை மடியில் வைத்திருப்பவனையும் போர்வீரனாகவே பார்க்கப் பழகிய மொழி நம்முடையது. யாருக்காக அந்தப் பறவை செத்ததோ அந்தப் பெண் இந்தக் கதைக்குள் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு தேர் போய்விட்டது. தாயார் மரகதவல்லி சன்னதிக்கு இன்று வரும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுக்கிறார்கள். விடியும்போது பயறு முளைவிட்டிருந்தால் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்க வேண்டும். அதுவும் பெண்ணின் வயிற்றில். போரேறுகளுக்கு இப்படியொரு தேர்வு யாரும் வைப்பதில்லை.

இந்த இரண்டையும், காயத்தை நினைவில் வைக்கும் ஊரையும் அந்த நினைவிலிருந்து பெண் நழுவிப்போவதையும், சேர்த்து எடுத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையில் அரிவாளைப் பார்க்கிறேன்.

வீட்டு உபயோகம், விவசாய உபயோகம்

அரிவாள் என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் இருக்கின்றன. கதிர் அறுக்கும் அரிவாள் கைக்கு அடக்கமானது, பிறைபோல வளைந்தது. உள்விளிம்பில் ரம்பம்போலப் பல் வைத்ததைக் கருக்கரிவாள் என்பார்கள். விறகு பிளக்கவும் முள் வெட்டவும் இளநீர் சீவவும் வேறு அரிவாள். வீச்சரிவாள் இவற்றைவிட நீளமானது; பிடியும் கனமும் வீசுவதற்கென்றே அமைந்தவை. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். கருப்பசாமி கையில் இருப்பதும், வேண்டுதலாகக் கோயிலில் ஆளுயரத்துக்கு அடித்து நட்டுவைப்பதும் இந்த நீண்ட வகைதான்.

கடைசியாக அரிவாள்மணை. பலகையில் பதித்த அலகு. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். இதில் அலகு அசையாது, கை அசையும். வெட்டுப்பட வேண்டியதை அலகிடம் கொண்டுபோவது பெண்ணின் வேலை. வீச்சரிவாளில் அலகு ஆளைத் தேடிப் போகும். அரிவாள்மணையில் ஆள் அலகைத் தேடி வருவாள். இரண்டும் ஒரே இரும்பு, ஒரே உலை. ஒன்றைப் பற்றிப் பாட்டுகள் உண்டு. மற்றதில் தினமும் விரல் நறுக்கிக்கொண்டு மஞ்சள் அப்பிக்கொள்ளும் பெண்களைப் பற்றி, அவர்களைத் தவிர யாருக்கும் அக்கறை இல்லை.

வயலிலும் இதே கதைதான். நெற்கதிர் அறுத்தவர்களில் பெரும்பகுதி பெண்கள், அவர்களிலும் பெரும்பகுதி தலித் பெண்கள். குனிந்த முதுகும் கருக்கு கிழித்த உள்ளங்கையுமாக அவர்கள் அறுத்த காலத்தில் ஆணைவிடக் கூலி குறைவாக வாங்கினார்கள். இயந்திரம் வந்ததும் அந்தக் குறைந்த கூலியும் போயிற்று. கதிரும் அரிவாளும் ஒரு கட்சியின் தேர்தல் சின்னமாகச் சுவரெங்கும் இருக்கின்றன. அந்தச் சின்னத்தில் கை கிடையாது. இருந்திருந்தால் வரைந்தவர் யாருடைய கையை வரைந்திருப்பார்?

கருவியா, ஆயுதமா என்ற கேள்விக்குச் சட்டமும் விடை சொல்லியிருக்கிறது. பாளையக்காரர் போரை ஒடுக்கிய கையோடு, 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் கிளைவ் தென்பகுதி மக்கள் ஆயுதம் தரிக்கக் கூடாது என்று அறிவிப்பு வெளியிட்டார். வாளும் வேலும் பறிபோன ஊர்களில் மிஞ்சியது வயலுக்குரிய இரும்பு. சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கூர்முனைக் கருவிகளையும் ஆயுதமாகச் சேர்க்கிறது. ஆனால் முழுக்க வீட்டு உபயோகத்துக்கோ விவசாய உபயோகத்துக்கோ வடிவமைத்தவை ஆயுதம் ஆகா என்று விலக்கும் தருகிறது. அதன் விதிகள் கத்திக்கு அளவும் சொல்லின: ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால் உரிமம் வேண்டும். அங்கேயும் வீட்டுக்கும் வயலுக்கும் விலக்கு உண்டு. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை பட்டறைக்காரர்களை அழைத்து, வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்கச் சொன்னது. அப்போதும் இதே இரண்டு உபயோகங்களுக்குத்தான் விற்கலாம் என்றது.

விவசாயி அரிவாள் வாங்க உரிமம் கேட்டு அலையக் கூடாது. அந்த விலக்கு தேவைதான். ஆனாலும் ‘வீட்டு உபயோகம்’ என்ற சொல்லைப் பெண்கள் படிக்கும்போது சட்டம் எழுதியவர்கள் நினைத்திராத அர்த்தம் ஒன்று உள்ளே வருகிறது. வீட்டுக்குள் இருக்கும் இரும்பு ஆபத்தில்லாதது, வீதிக்கு வந்தால்தான் ஆபத்து என்று சட்டம் நம்பியது. வீடே ஆபத்தான இடமாக இருக்கலாம் என்பதைத் தனிச் சட்டமாக ஒப்புக்கொள்ள 2005 வரை ஆயிற்று.

திரையில் அரிவாள்

வயலிலிருந்து அரிவாளை எடுத்து வீரத்தின் கையில் கொடுத்ததில் தமிழ் சினிமாவுக்குப் பெரிய பங்குண்டு. ‘தேவர் மகன்’ (1992) வன்முறைக்கு எதிரான படம் என்று இன்றும் வாதிடுகிறார்கள். நாயகன் கடைசியில் எதிரியின் தலையை வெட்டிவிட்டு, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊராரிடம் சொல்லிச் சிறைக்குப் போகிறான். உபதேசம் உண்மை. ஆனால் அந்த உபதேசத்தைச் சொல்லும் தகுதியை அவனுக்குத் தந்தது எது? மீசையும் குடும்பப் பெயரும் கையில் இருந்த இரும்பும்தான். பஞ்சவர்ணத்தின் கதையைப் பாருங்கள். எதிரிக்குப் பயந்து மாப்பிள்ளை ஓடிவிட, மணமேடையில் நின்ற பெண்ணை நாயகன் தானே கட்டிக்கொள்கிறான். அதைப் பெருந்தன்மை என்கிறது படம். ஆண்களின் பகையில் ஏற்பட்ட இழப்பை ஆண்களே ஒரு பெண்ணைக் கொண்டு சரிக்கட்டிக்கொண்டார்கள் என்றும் அதைச் சொல்லலாம். அரிவாள் அவளைத் தொடவில்லை. ஆனால் அவள் வாழ்க்கை அரிவாளின் கணக்கில்தான் எழுதப்பட்டது.

‘பருத்திவீரன்’ (2007) இன்னும் தூரம் போகிறது. முத்தழகாக நடித்த பிரியாமணிக்குத் தேசிய விருது கிடைத்தது, தகுதியான விருது. முத்தழகு தைரியசாலி. அப்பனிடம் அடிவாங்கியும் தன் விருப்பத்தை விடாதவள். தமிழ்ப்படக் காதலிகளில் அவளைப்போல் தனக்கு வேண்டியதைத் தானே வாய்விட்டுக் கேட்டவர்கள் குறைவு. அவளுக்குப் படம் எழுதிய முடிவு எது? ஆண்கள் கூட்டமொன்று அவளைச் சிதைக்கிறது. உயிர் பிரியும் நேரத்தில் அவள் கேட்பது, நடந்தது ஊருக்குத் தெரியாமல் தன் உடலை வெட்டிப் போடும்படி. காதலன் வெட்டுகிறான். வந்து பார்த்த உறவினர் அவன்தான் கொன்றான் என்று நினைத்து அவனைக் கொல்கிறார்கள்.

இந்தக் காட்சியைத் துயரத்தின் உச்சம் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. நான் அதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு பெண்ணின் வாயால், தன் உடலை வெட்டி மானத்தைக் காப்பாற்று என்று கேட்க வைப்பதற்கு எவ்வளவு பழைய பயிற்சி வேண்டும்! அவன் செய்த பாவமெல்லாம் தன் தலையில் விழுந்ததாகவும் அவளே சொல்கிறாள். ஆணின் பாவத்துக்குப் பெண்ணுடல் தண்டனை. அந்தத் தண்டனையின் தடயத்தை அழிக்க மறுபடியும் அதே உடலின்மேல் இரும்பு. குற்றம் செய்தவர்களைத் தேடிப் போக வேண்டிய அலகு, குற்றத்துக்கு ஆளானவளிடம் வருகிறது. பார்வையாளர் அழுதுகொண்டே வெளியே வருகிறார்கள். யாருக்காக? பெரும்பாலும் வீரனுக்காக. படத்தின் பெயரே அவனுடையதுதானே.

இப்போது பின்னணி இசை இல்லாத ஒரு காட்சி. 2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே பட்டப்பகல். பொறியியல் மாணவர் சங்கரையும் அவரைச் சாதி மறுத்து மணந்த கௌசல்யாவையும் ஒரு கும்பல் வெட்டியது. சங்கர் இறந்தார். கௌசல்யா தலையில் காயத்தோடு பிழைத்தார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. அதில் வீரம் என்று எதையாவது யாராவது கண்டுபிடிக்க முடியுமா? வண்டியில் வந்தார்கள், வெறுங்கையோடு நின்ற இருவரை வெட்டினார்கள், வண்டியில் போனார்கள். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. மற்ற ஐவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது.

முத்தழகு பேசாமல் இருப்பதற்காகத் துண்டாக்கப்பட்டாள். கௌசல்யா தலையில் தையலோடு எழுந்து சாட்சி சொன்னார். சாதிக்கு எதிராக மேடையேறினார். தமிழ் சினிமா எழுதத் துணியாத முடிவை ஒரு பெண் வாழ்ந்து காட்டினார். படத்தையும் வழக்கையும் அருகருகே வைத்துப் படித்தால்தான், மானம் என்ற சொல் யாருடைய மௌனத்தை விலையாகக் கேட்கிறது என்பது தெரிகிறது.

கர்ணனின் வாளும் சாலையில் கிடந்த தங்கையும்

மேலே சொன்னவற்றோடு மாரி செல்வராஜின் ‘கர்ண’னை (2021) ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆண்ட சாதியின் கையில் அரிவாள் இருப்பதும், அடிபட்டே வந்த ஊர் ஒரு வாளை எடுப்பதும் ஒன்றல்ல. 1995இல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து செய்தது நம் கண்முன் இருக்கும்போது, அந்த ஊரின் நிழலில் எழுந்த கதையிடம் நீ ஏன் வாளெடுத்தாய் என்று சாவகாசமாகக் கேட்க எனக்கு வாய் வராது.

ஆனாலும் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. அதை என் மாணவி ஒருத்தி கேட்டாள். படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மேலே எறியப்பட்ட மீனைக் காற்றிலேயே இரண்டாக வெட்டிக் கர்ணன் ஊரின் வாளை வெல்லும் காட்சி வந்ததும் வகுப்பே உற்சாகமானது. அந்தப் பெண் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “மேடம், படம் தொடங்குறப்ப ரோட்டுல ஒரு பிள்ளை வலிப்பு வந்து கெடக்கும். பஸ்ஸெல்லாம் நிக்காம போகும். அது செத்துப்போனதாலதான் எல்லாமே. ஆனா வாளப் பத்தியே பேசுறோம்.”

அவள் சொன்னது சரி. படத்தின் வேர் ஒரு சிறுமியின் சாவு. ஊருக்குப் பேருந்து நிறுத்தம் இல்லாததால் சாலை நடுவே துடித்துச் செத்தவள். செத்தபின் முகமூடி அணிந்த தெய்வமாகிறாள். தமிழ்நாட்டின் ஊர்த்தெய்வங்களில் எத்தனை பேர் இப்படிக் கொல்லப்பட்ட பெண்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த உருவம் நெஞ்சைப் பிசையும். அந்த மரபைத் திரையில் இவ்வளவு மரியாதையோடு கொண்டுவந்தவர்கள் அரிது. இயக்குநருக்கு அந்தப் பெருமை உரியது.

ஆனால் கதை நகர நகர என்ன நடக்கிறது? சிறுமிக்கு முகமூடி கிடைக்கிறது, அண்ணனுக்கு வாள் கிடைக்கிறது. அவள் வாய் திறக்காமல் நிற்கிறாள், அவன் செயல்படுகிறான். ஊர் அவள் சாவிலிருந்து கேட்டது பேருந்து. படம் முடியும்போது ரசிகர் மனதில் எஞ்சுவது அதிகாரியின் கழுத்தை அறுத்த வாள். ஒரு பேருந்து நிறுத்தத்துக்கான போராட்டம், படிக்கப் போக வேண்டிய பெண்பிள்ளைக்கும் பிரசவ வலியில் இருப்பவளுக்கும் வேண்டிய போராட்டம், வாளின் பளபளப்பில் பின்னுக்குப் போகிறது. நியாயமான கோபத்தைப் பேசும் படத்திலும் காயம் பெண்ணுக்கு, கருவி ஆணுக்கு என்ற பங்கீடு மாறவில்லை. இதைச் சொல்வதால் கர்ணனின் நியாயம் குறைந்துவிடாது. அந்த நியாயத்தில் பாதிப் பங்கு சாலையில் கிடந்தவளுடையது என்று நினைவூட்டத்தான் சொல்கிறேன்.

கூர்மையை வேறு விதமாக எழுதிய பெண்ணும் நம்மிடம் உண்டு. பாமா தன் நூலுக்குக் ‘கருக்கு’ (1992) என்று பெயர் வைத்தார். பனைமட்டையின் இரு ஓரமும் ரம்பமாக இருக்கும் அந்த விளிம்பு. விறகுக்காக மட்டை பொறுக்கிய சிறுமியின் கையைக் கிழித்த விளிம்பு. ‘தேவர் மகன்’ வெளியான அதே ஆண்டு! அந்த ஆண்டின் கூர்மையைத் தேடுகிறவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் கையில் வாள் வந்தால்?

இந்த இடத்தில் பெண்ணியத் தோழிகள் சிலர் குறுக்கிடுவார்கள். பெண் கையில் வாள் இருந்ததில்லையா? கொற்றவை இல்லையா? 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியார் இல்லையா? மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினியின் அத்தனை கைகளிலும் ஆயுதம்தானே? உண்மை. ஆனால் அதே மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்துக்குள்ளே பாருங்கள். துர்க்கையின் காலடியில் ஓர் ஆண் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க அமர்ந்திருக்கிறான். தெய்வம் பெண்ணாக இருப்பதால் வீரத்தின் இலக்கணம் மாறிவிடவில்லை. அது இன்னும் வெட்டப்படும் கழுத்தைத்தான் கேட்கிறது.

இந்த ஆசையை அதன் முழு உயரத்தில் பார்க்க மேற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டும். இன்று பெனின் என்று அழைக்கப்படும் நாட்டில், தகோமே அரசின் படையில் அகோஜியே என்ற பெண்கள் பிரிவு இருந்தது. துப்பாக்கியோடு குறுவாளும் வெட்டுக்கத்தியும் ஏந்திய உண்மையான போர்ப்படை. 1890இலும் 1892 முதல் 1894 வரையிலும் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டு மடிந்தார்கள். ஐரோப்பியர் அவர்களை ‘அமேசான்’ என்று அழைத்துக் காட்சிப்பொருளாக்கினார்கள். 2022இல் கோட்டனூ நகரில் 30 மீட்டர் உயரச் சிலை எழுந்தது. அதே ஆண்டு வயோலா டேவிஸ் நடித்த ‘தி வுமன் கிங்’ படமும் வந்தது. தசை முறுக்கேறிய கறுப்புப் பெண்கள் வெட்டுக்கத்தியோடு பாய்வதைப் பார்த்து நானும் கைதட்டினேன். அப்படியொரு உடலைத் திரை இதுவரை நமக்குக் காட்டியதே இல்லை.

கைதட்டி முடித்தபின் புட்குழியின் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது: வெட்டுப்பட்டவர்கள் எங்கே? தகோமே அண்டை ஊர்களைச் சூறையாடி ஆட்களைப் பிடித்து விடா துறைமுகத்தில் விற்ற அரசு. அந்தச் சூறையாடலில் அகோஜியேவும் இருந்தார்கள். கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். படம் 1823இல் நடக்கிறது. தளபதி நனிஸ்கா அடிமை வணிகத்தை விட்டுப் பனையெண்ணெய்க்கு மாறும்படி கேசோ மன்னனிடம் வாதாடுகிறாள். வரலாற்றில் கேசோவின் காலத்திலும் அந்த வணிகம் தொடர்ந்தது. பெண் கையிலிருந்த கத்தியைக் கொண்டாட வேண்டுமானால் அதன் மறுமுனையில் நின்ற பெண்ணை மறக்க வேண்டும் என்று படம் நம்மிடம் கேட்கிறது. அவ்வளவு பெரிய விலையை நாம் ஏன் தர வேண்டும்?

அதே கடற்கரையில், ஒரு நூற்றாண்டு கழித்து, சியரா லியோன். 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். இயந்திரத் துப்பாக்கிகள் தாராளமாகப் புழங்கிய போர் அது. இருந்தும் உலகத்தின் நினைவில் நின்றது, புதர் வெட்டவும் வயல் திருத்தவும் ஒவ்வொரு வீட்டிலும் இருந்த வெட்டுக்கத்தி. 1996 தேர்தலை ஒட்டி, வாக்களிக்கத் துணிந்த மக்களின் கைகளைக் கிளர்ச்சிப்படையினர் வெட்டினார்கள். அவர்களை எதிர்த்துப் போரிட்ட கமஜோர் என்ற வேட்டைக்காரப் படையோ மந்திரக் காப்பை நம்பியது. போருக்கு முன் பெண்ணைத் தொட்டால் காப்பின் சக்தி போய்விடும் என்று அவர்களுக்கு விதி. குண்டு பாய்ந்தால் பழி யார்மேல் விழும் என்பதை விதியே முன்கூட்டிச் சொல்லிவிட்டது.

வாக்களித்த கையை வெட்டியது நமக்கு அந்நியமான செய்தியா? 1997 ஜூன் 30 அன்று, தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனையும் உடன் இருந்த ஐவரையும் பேருந்தை மறித்து அரிவாளால் வெட்டினார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் எறிந்தார்கள். சியரா லியோனில் விரலில் மை பட்ட கை. இங்கே வாக்குப் பெற்ற தலை. இரண்டு இடத்திலும் வந்தது வயலுக்குரிய இரும்பு. ஆளுக்குரிய இடத்தை நினைவூட்ட, அவன் உழைக்கும் கருவியையே திருப்பிக் காட்டினார்கள். நீ பிடிக்க வேண்டியது இதுதான், நாற்காலி இல்லை என்பதுபோல.

சியரா லியோனின் சிறப்பு நீதிமன்றம் இன்னொரு காயத்தையும் பார்த்தது. கடத்தப்பட்டுப் போராளிகளின் ‘மனைவி’களாக வைக்கப்பட்ட பெண்களின் சாட்சியத்தைக் கேட்டு, 2008 பிப்ரவரியில் அதன் மேல்முறையீட்டு அமர்வு, கட்டாயத் திருமணம் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று ஏற்றது. வெட்டப்பட்ட கை கண்ணுக்குத் தெரியும், புகைப்படம் எடுக்கலாம். இந்தக் காயத்தைப் பெண்கள் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். சொன்னார்கள், சட்டத்தில் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது.

குறுக்கே வந்த கை

கத்தி எடுத்தவன் கத்தியால் சாவான் என்று நம் ஊரில் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பொய் அது. சங்கர் கத்தி எடுக்கவில்லை. முருகேசன் எடுக்கவில்லை. சாலையில் கிடந்த சிறுமி எடுக்கவில்லை. ஜடாயுவிடம் இருந்தது அலகும் நகமும் கிழட்டுச் சிறகும். கத்தியால் சாகிறவர்களில் மிகப் பலர் கத்தி எடுக்காதவர்கள். அந்தப் பழமொழி கொலையாளிக்கும் கொல்லப்பட்டவருக்கும் நடுவே இல்லாத சமநிலையை உண்டாக்கி, கேட்பவரை நிம்மதியாகத் தூங்க வைக்கிறது.

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் ஒரு வீட்டுக்குள் அரிவாளோடு சில சிறுவர்கள் புகுந்தார்கள். வெட்டுப்பட்டவன் அவர்கள் பள்ளியிலேயே படித்த பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் கையில் வெட்டு. மாணவரிடையே சாதி மோதலை ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக்கயிற்றைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அரிவாள் பிடிப்பதற்கு முன்பே அந்தக் கையில் கயிறு ஏறிவிடுகிறது என்பதை அறிக்கை புரிந்துகொண்டிருந்தது. அந்தக் கயிறு ஏறுவதற்கும் முன்னால் பாட்டும் படமும் ஏறிவிடுகின்றன. அதைக் குழு எதுவும் தடை செய்ய முடியாது. படிக்கிறவர்களும் பார்க்கிறவர்களும்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அந்தச் செய்தியைப் பேசிய எல்லாரும் அண்ணனைப் பற்றிப் பேசினார்கள். அவன் பிழைத்து, பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தபோது ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். தங்கை செய்திகளின் இரண்டாம் பத்தியில் வந்தாள். ‘தடுக்க முயன்ற தங்கைக்கும் காயம்’. அவ்வளவுதான். திருப்புட்குழியின் கணக்குப்படி அவள்தான் கதையின் மையம். வீசிவரும் இரும்புக்கும் வெட்டுப்பட இருந்த உயிருக்கும் நடுவே வெறுங்கையை நீட்டியவள். ஜடாயு செய்ததும் அதைத்தான். ஜடாயுவுக்குக் குளம் உண்டு, கருவறையில் மடி உண்டு, ஓர் ஊர்ப்பெயரே உண்டு. பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் கைக்கு ‘காயம்’ என்ற ஒரு சொல்தான்.

அவளைச் சிலையாக்கும் எண்ணம் எனக்கில்லை. தெய்வமாக்கிய பெண்களை நாம் என்ன செய்தோம் என்பது தெரியும். குறுக்கே கை நீட்டுவது பெண்ணின் கடமை என்று புதிதாக ஒரு தியாகத்தை எழுதிவைப்பதும் வேண்டாம். அவள் கை நீட்ட நேராத ஒரு வீடும் பள்ளியும்தான் வேண்டும். அதுவரைக்கும் அடுத்தமுறை ஒரு படத்தில் அரிவாள் பளபளத்து வரும்போது, கைதட்டும் முன் திரையின் ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள். அங்கே யாரோ ஒரு பெண் ஓடிவந்துகொண்டிருப்பாள். கேமரா அவள் பக்கம் திரும்பியிருக்காது.

திருப்புட்குழியிலிருந்து கிளம்பும்போது கோயில் வாசலில் ஒரு அம்மா அரிவாள்மணை போட்டுப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பலகையைக் காலால் அழுத்திப் பிடித்திருந்தார். எத்தனை வருசமாக இந்த மணை என்று கேட்டேன். “என் மாமியார் காலத்துது” என்றார், தலை நிமிராமல். அலகு தேய்ந்து பாதியாக இருந்தது.